இஞ்சால, அங்கால

காலை ஐந்தரை. சந்திவெளியில் இன்னும் இருட்டு.
ஃபாங் லானுக்கு எட்டு மணி,
ஆலைக்குப் போகிற பஸ்ஸில்
அவளுடைய ஒரு காதில் மட்டும் நான்.

"உன் குடையை எனக்குப் பொறோ பண்ணு" என்கிறாள்.
இல்லை ஃபாங் லான்.
பொறோ என்றால் இஞ்சால வருகிறது.
லென்ட் என்றால் அங்கால போகிறது.
குடை ஒன்றுதான்,
எந்தக் கையில் நின்று பேசுகிறாய் என்று பார்.

"எங்களுக்கு ஒரே சொல், டீச்சர். ஜியெ.
கொடுத்தது யார், வாங்கினது யார்
என்பதைப் பக்கத்துச் சொல் சொல்லும்."

யோசித்தால் எங்கள் கைமாத்தும் அப்படித்தான்.
அதை அவளிடம் சொல்லவில்லை, பாடம் குழம்பிவிடும்.

இன்றைக்குச் செவ்வாய்.
பத்து மணிக்கு லோன்காரப் பொடியன்
ரஞ்சிதமலர் வீட்டு வாசலில் மோட்டார்சைக்கிளைச் சாய்ப்பான்.
ஐந்து பேர் குழு.
ஒருத்தியின் தவணை குறைந்தால்
மற்ற நாலு பேரும் பாயை விட்டு எழும்ப ஏலாது.
இந்தக் கிழமை குறைகிறவள் நான்.

வகுப்பு முடிய மூன்று நிமிடம் இருக்கக்
கேட்டேவிட்டேன்,
அடுத்த மாதக் காசை இப்பவே அனுப்பலாமா என்று.
பொறோவும் போடவில்லை, லென்டும் போடவில்லை.

பஸ் பாலத்தில் ஏறுகிற இரைச்சல்.
கன நேரம் அது மட்டும்.
பிறகு திரையில் அவள் எழுத்து:
"ஓகே டீச்சர், ஐ பொறோ யூ."

பிழை கண்டால் சிவப்பு வட்டம் போடுகிறவள் நான்.
விரல் திரைவரைக்கும் போனது.
தெருவில் பாண்கார ஓட்டோவின் பாட்டு
கிட்ட வந்து, நின்று,
கடந்து போனது.