நடுவறையில் மழை

பன்னிரண்டு அடி அகலம், நாற்பது அடி நீளம்.
கார்டிஃபில், எஃகு ஆலைக்குப் போகும் தெருவில்
தோளோடு தோள் நெருக்கி நிற்கும் வீடுகளில்
எங்களுடையது அறுபத்தேழு.
இரவில் யாராவது இருமினால்
இருமியது எந்த வீடென்று சொல்ல முடியாது.

நடுவறைக்கு ஜன்னல் இல்லை.
கட்டிய நாளிலிருந்தே இல்லை.
பகலிலும் விளக்கு. இஸ்திரிப் பலகை,
ஓடாத உடற்பயிற்சி சைக்கிள்,
எம்லின் திறக்காமல் வைத்திருக்கும் அவன் அப்பாவின் பெட்டிகள்.

"இதன் கூரையை எடுத்துவிடலாம்" என்றாள் ஹெலெத்,
வீட்டை வரைந்து தர வந்தவள்.
"எடுத்துவிட்டு?"
"எடுத்துவிட்டு ஒன்றுமில்லை."

எம்லின் இரவெல்லாம் கணக்குப் போட்டான்.
ஒரு சதுர மீட்டர் என்ன விலை,
ஒன்பது சதுர மீட்டர் என்ன விலை,
இருபத்தைந்து வருடக் கடனில்
வானத்துக்கு எவ்வளவு போகும்.
நான் எட்டிப் பார்க்கவில்லை.
அவசர அழைப்பு மையத்தில் வேலை எனக்கு.
பன்னிரண்டு மணி நேரமும் காதில்
மூச்சு நிற்கப் போகிறவர்கள்,
நின்றுவிட்டவர்களின் மகள்கள்.
எனக்கு வேண்டியிருந்தது
யாரும் எதையும் சொல்லாத ஒரு சதுரம்.

படத்தில் அழகாகத்தான் இருந்தது.
மடிந்து மடிந்து சுவருக்குள் போய்விடும் கண்ணாடிக் கதவு.
சமையலறையின் தரைக்கல்லே
படியென்று ஒன்றில்லாமல்
வெளியே நடந்து போகும்.
வானத்துக்குக் கீழே ஒற்றை பிர்ச் மரம்.
பின்பக்கம், ஹோதான் வீட்டை ஒட்டி,
ஆளுயரத்துக்கு மேல் ஒரு வெள்ளைச் சுவர்,
அமைதிக்காக.

சுவருக்கு ஹோதானின் கையெழுத்து வேண்டும்.
படித்தாள். மறுபடி படித்தாள்.
ஏலக்காய்த் தேநீர் ஆறும்வரை பேசவில்லை.
பிறகு கொடிக்கயிற்றின் கீழே அழைத்துப் போய்
"நான்கு மணி வரை இங்கே நில்" என்றாள்.
நின்றேன்.
நான்கு மணிக்கு
எங்கள் இடிந்த பழைய சுவரைத் தாண்டி
வெயில் ஒரு துண்டு விழுந்தது, பாயளவு.
அதற்குள் ஒரு நாற்காலி, இரண்டு தக்காளித் தொட்டி.
"என் பங்கு இவ்வளவுதான்.
உன் அமைதி இதை மூடிவிடும்."

வேலியின் நெடிலைக் குறுக்கினால் வெளி.
அன்றைக்கு இப்படியெல்லாம் தோன்றவில்லை.
படத்துக்குப் பணம் கொடுத்திருந்தோம்.
தெருவுக்கு வந்து குப்பைத் தொட்டியை ஓர் உதை விட்டேன்.
சுவர் இடுப்பளவில் நின்றுவிட்டது.

பெட்டிகளை எம்லின் திறந்தே ஆகவேண்டியிருந்தது.
பெரும்பாலும் பழைய மின்கம்பி.
ஒன்றில் மட்டும் சாவிகள், நூறு இருக்கும்,
எந்தப் பூட்டுடையதும் அல்ல.
இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.
மூன்றாம் நாள் அவனே ஏணியில் ஏறி
முதல் ஓட்டைக் கழற்றினான்.

அன்று மழை. கார்டிஃபில் வேறென்ன.
இத்தனை காலம் நனையாத தரையில்
முதல் துளி விழுந்ததும்
அறை ஒரு வாசனை விட்டது,
கரியும் பழைய மாவும் கலந்தாற்போல.
கட்ட வந்தவர்கள்கூட
கொஞ்ச நேரம் வேலையை நிறுத்தினார்கள்.

இப்போது
உள்ளும் வெளியும் ஒன்றென்று வரைந்ததை நம்பி
நத்தைகள் அடுப்படி வரை வருகின்றன.
வெள்ளைச் சுவர் இருந்திருக்க வேண்டிய இடத்தில்
ஆரஞ்சு, கிளிப்பச்சை, ஒரு பள்ளிச் சீருடை,
காற்று வந்தால் எல்லாம் எங்கள் பக்கம்.
ஜனவரியானால் எரிவாயு ரசீதை எம்லின்
எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறான்.

இரவுப்பணி முடிந்து விடியுமுன் வருகிறேன்.
விளக்கைப் போடுவதில்லை.
கதவை மடித்துத் தள்ளிவிட்டு, கழற்றாத கோட்டோடு,
வீட்டின் நடுவில் பெய்யும் மழைக்கருகே உட்காருகிறேன்.
தகரத்தில் ஒரு குரல், இலையில் வேறு,
கல்லில் இன்னொன்று.
ஒன்றுக்கும் அவசரமில்லை.

நேற்று, பழக்க தோஷம்,
வாய் தானாகக் கேட்டுவிட்டது:
"எங்கே இருக்கிறீர்கள்? முகவரி சொல்லுங்கள்."

மாடியிலிருந்து, பாதித் தூக்கத்தில்,
எம்லின் சொன்னான்:
"அறுபத்தேழு. நடுவறை."