ரசமட்டம்

வில்லாபுரத்தில் ஒரு மூன்றாவது மாடி.
குளியலறைச் சுவரில் கடைசி வரிசை ஒட்டுகிற நேரம்
வலது கண்ணின் கீழோரத்தில் ஒரு கறுப்பு,
தொட்டியில் தண்ணீர் ஏறுவது போல.
சிமென்ட் தெறித்திருக்கும் என்று கழுவினேன்.
கழுவக் கழுவ ஏறியது.

"பின்னாடி தண்ணி இறங்கி விழித்திரை தூக்கிருச்சு"
என்றார் டாக்டரம்மா. படம் வரையப் போனார்.
எனக்குப் படம் வேண்டாம்.
அடியில் பால் போகாத கல்
கட்டையால் தட்டினால் டொக்கென்று சொல்லும்.
அந்தச் சத்தம்தான், கண்ணுக்குள்.

வெளியே சுற்றி ஒரு பட்டை, உள்ளே வாயு.
ஏழு நாள் குப்புறக் கிடக்கச் சொன்னார்கள்.
எவனோ போட்ட ஆஸ்பத்திரித் தரையை
ஏழு நாள் பார்த்தேன்.
மூன்றாவது வரிசை ஒரு நூல் விலகல்.
பஞ்சவர்ணம் கட்டிலுக்கடியில் உட்கார்ந்து
இட்லியை மேல்நோக்கி ஊட்டினாள்.

எழுந்து உட்கார்ந்தால்
கண்ணுக்குள் ரசமட்டம்!
மேலே தெளிவு, கீழே தளும்பல்,
தலை சாய்ந்தாலும் சாயாத கோடு.
கொடைக்கானலில் ஒரு பங்களா வேலை வந்தது.
மலை ஏறினால் வாயு விரியும், கண் போயிரும் என்றார்கள்.
காஜா மைதீன் மட்டும் வத்தலக்குண்டில் பஸ் மாறினான்.
மட்டம் இறங்கி இறங்கிக் கடுகாகி
ஒரு வெள்ளிக்கிழமை காலை காணவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருசம்.

புரை வந்தது, எடுத்தார்கள்.
இடது கண்ணில் ஓரம் நைந்த இடத்தை லேசரால் தைத்தார்கள்.
வருசா வருசம் சொட்டு மருந்து,
முகவாயை வை, மேலே பார், மூக்கைப் பார்.
"நல்லா ஒட்டியிருக்கு, சோணைமுத்து."
ஒட்டித்தான் இருக்கிறது. ஐந்தாவது வரி வரை படிக்கிறேன்.
ஆனால் இடது கண்ணைப் பொத்தினால்
ஜன்னல் கம்பி நடுவில் இடுப்பை ஒடிக்கிறது.
பஞ்சவர்ணத்தின் முகம் கொஞ்சம் சிறுத்து
அடுத்த அறைக்குப் போய்விடுகிறது.
இதை எழுத அட்டையில் கட்டம் இல்லை.

நூலை இப்போது மைதீன் பிடிக்கிறான்.
நான் விரலால் வருகிறேன்.
இரண்டு கல் சேருமிடத்தில் நகம் தட்டினால்
பெயர்த்துவிடச் சொல்வேன்.
கூலியில் நூறு ரூபாய் குறைவு,
அதை நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இந்த ஆடியில் பரிசோதனைக்குப் போனபோது
வராந்தா பெஞ்சில் ஒருவர், மேலூர்ப் பக்கம்,
கண்ணில் மூடி, முழங்காலில் நெற்றி.
நிமிராமலே கேட்டார்:
"உங்களுக்கும் இதுதானா? பழையபடி ஆயிருச்சா?"

டாக்டரம்மா சொன்னது நாக்கு வரை வந்தது.
ஜன்னல் கம்பியும் வந்தது.

"அண்ணே, காலுக்குக் கீழ
மூணாவது வரிசையைப் பாருங்க" என்றேன்.
"ஒரு நூல் விலகியிருக்கா?"

வெகுநேரம் பார்த்தார்.
"ஆமாய்யா" என்றார்,
"எவன் போட்டான் இதை?"