இரண்டாவது கியர்

பதினாலாவது வளைவில்தான் முதலில் பேசியது
கிளட்சை மிதித்த இடது முட்டி.
கண்ணாடித்தூளை மெல்வதுபோல் ஒரு சத்தம்,
எஞ்சின் இரைச்சலையும் மீறி
எனக்கு மட்டும் கேட்டது.

சேலம் – ஏற்காடு, நாளுக்கு நாலு நடை.
ஏற இருபது கொண்டை ஊசி, இறங்க இருபது.
வளைவுக்கு எத்தனை கிளட்ச் என்று
டிக்கெட்டின் பின்புறம் கணக்குப் போட்ட கண்டக்டர் தங்கதுரை
பாதியில் பேனாவை மூடிவிட்டார்.
"வேணாங்கண்ணா, தெரிஞ்சா இன்னும் வலிக்கும்."

நாலு ரோட்டில் ஸ்கேன். குகையில் எண்ணெய்க்கட்டு.
தேய்மானம் என்றார் ஒருவர், வயசு என்றார் மற்றவர்.
டெப்போவில் ஆளுக்கொரு மருந்து தெரிந்திருந்தது,
ஒருவருக்கும் முட்டி சரியாக இல்லை.

பிறகு ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறை.
பிலாட்டீஸ் என்றது போர்டு.
அது ஃபீஸில் போய் முடியும் என்பது மட்டும் புரிந்தது.
சுவர் முழுக்கக் கண்ணாடி,
அதில் ஏழு பெண்களும் ஒரு காக்கி பேன்ட்டும்.
ரப்பர் புள்ளி வைத்த காலுறை தந்தார்கள்.
மாட்டிக்கொண்டு, எங்கே பார்ப்பதென்று தெரியாமல்
மின்விசிறியைப் பார்த்தேன்.

ரெஹானா நடக்கச் சொன்னார். குனியச் சொன்னார்.
முட்டியைத் தொடவேயில்லை.
"உங்க இடுப்பு வேலைக்கே வர்றதில்லைங்க.
அது பாக்க வேண்டியதையும் முட்டிதான் பாக்குது."

டபுள் டூட்டி!
ஒருத்தன் மெடிக்கல் லீவில் தூங்க
அவன் ஷிஃப்டையும் சேர்த்து ஓட்டுகிறவன்தான்
ஒருநாள் ரோட்டில் கண் அசருவான்.
பதினோரு வருடம் முட்டியைத் திட்டியிருக்கிறேன்.
அன்றிரவு
கொஞ்சம் கூச்சத்தோடுதான் தைலம் போட்டேன்.

நீளக் கட்டில், நகரும் பலகை,
அடியில் சிவப்பு, நீலம், மஞ்சளாய் ஸ்பிரிங்குகள்.
எஞ்சின் இல்லை. ஓடும் தூரம் மூன்றடி.
மல்லாந்து படுத்துக் கம்பியில் பாதம் வைத்துத் தள்ளினேன்.
பஸ்ஸையே தள்ளிக்கொண்டு மலை ஏறுகிறவனுக்கு இதென்ன?
"போனது சரி. இப்பத் திரும்பி வாங்க."
விட்டேன். படாரென்று வந்து இடித்தது பலகை.
"ஸ்பிரிங்தான் வந்துச்சு.
நீங்க வரலை."

ஒரு ஸ்பிரிங்கைக் கழற்றினார்.
லேசாகும் என்று பார்த்தால்
மார்கழி விடியலில் கிளப்பிய டீசல் வண்டியாய்
உதறியது தொடை.

ஏற எஞ்சின் போதும்.
இறங்கத்தான் டிரைவர் வேண்டும்.
பிரேக்கையே நம்பி இறங்குகிறவனின் லைனர்
பாதி மலையில் நாறத் தொடங்கும்.
இரண்டாவது கியரில் போட்டு,
வண்டியின் கனத்தை வண்டியே பிடித்துக்கொள்ள,
வந்து சேர்ந்தால் போதும் என்று வர வேண்டும்.

மூச்சை விட்டேன்.
அந்த மூன்றடியை
ஏற்காட்டிலிருந்து கோரிமேடு வரை இறங்குவதாய் இறங்கினேன்.
எண்ணிக்கொண்டிருந்த ரெஹானா
எண்ணுவதை நிறுத்தியிருந்தார்.

குணமாகிவிட்டது என்றால் பொய்.
மூடுபனி நாளில் முட்டி இன்னும் முனகும்.
"கட்டில்ல படுத்துக் காலாட்டறதுக்கு அறுநூறா?" என்பாள் சௌடேஸ்வரி.
அந்த அறுநூறுக்காக
மாதம் இரண்டு டபுள் டூட்டி பார்க்கிறேன்.
இப்போது இடுப்பும் கூட வருகிறது.

போன ஞாயிறு ரெஹானா என் வண்டியில் ஏறினார்.
ஆறாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலை.
தங்கதுரை எலுமிச்சம்பழம் நீட்ட
நான் கண்ணாடி வழியாக, "மூச்சை விடுங்க மேடம்," என்றேன்.
சிரிக்க முடியாமல் சிரித்தார்.

ஏரிக்கரையில் எல்லோரும் இறங்கினார்கள். நானும்.
டீக்கடைக்குப் பாதி தூரம் போனபின்தான் உறைத்தது.
இரண்டு வருடமாய் நான் பின்பக்கமாகத்தான் இறங்குவேன்,
கம்பியைப் பிடித்து, நல்ல காலை முதலில் விட்டு.
இன்று எந்தக் கால்?

திரும்பிப் பார்த்தேன்.
டிரைவர் கதவு
சாத்தக்கூட மறந்து, திறந்தே கிடந்தது.