அது நீங்கலாக

திருப்பூரில் எனக்குச் செக்கிங் வேலை.
ட்யூப்லைட்டுக்கு அடியில் பனியனை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
எதுவானாலும் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டி
அப்பால் தள்ளுவேன்.
பதினொரு வருஷம்.
நல்ல துணி ஒன்றுகூட என் கண்ணில் நின்றதில்லை.

கம்பெனி மூடிய மாதம்
கல்லலுக்குத் தெற்கே வந்து இறங்கினோம்.
சேவுகமூர்த்தியின் பங்குக்கு வந்தது
ரெண்டு ஏக்கர் முப்பது சென்ட்.
என் பெட்டியை நான் பிரிக்கவில்லை.

முதல் வருஷம் முழுக்க மனசுக்குள் ஒட்டிக்கொண்டே இருந்தேன்.
செம்மண்ணுக்கு ஒன்று,
வெள்ளைச் சட்டையெல்லாம் சாமியார் சட்டை ஆகிவிட்டதால்.
ராத்திரி ரெண்டு மணிக்கு மட்டும் வருகிற
மூணு பேஸ் கரண்டுக்கு ஒன்று.
மயிலுக்கு ரெண்டு. அது காலண்டரில்தான் அழகு,
இங்கே விதைத்த கடலையை வரிசை தப்பாமல் கிளறித் தின்னும்.
தண்ணீருக்குப் பதில் சீமைக்கருவேலம் ததும்புகிற கண்மாய்க்கு
இருப்பதிலேயே பெரிய அம்பு.
பள்ளத்தூர் போகவேண்டிய டூரிஸ்ட் வேன் வழி தப்பி வந்து
என் சேற்றுக் காலைப் படம் எடுத்தபோது
எனக்கே ஒன்று.
புருஷனுக்கும்தான், முதுகில்,
கை எட்டாத இடத்தில்.

வித்துடு என்றேன்.
சோறு போடும்போது, மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது,
பாதித் தூக்கத்தில்.
ம் என்பார்.
அந்த ம்முக்கு இன்றுவரை அர்த்தம் தெரியாது.

ஆவணியில் ஒரு காலை
கடலைச் செடியில் ஒரேயொரு இலை மடிந்திருந்தது,
ஊசி ஒரு கண்ணி தாண்டின மாதிரி.
பிரித்தால் உள்ளே சுருள்புழு,
அரை அரிசி நீளம்.
எப்படித் தெரிஞ்சது என்றார்.
திருப்பூர்க் கண்ணு என்றேன்.
அன்றைக்குப் பொழுது சாயும்வரை
வரிசை வரிசையாகக் குனிந்தே நடந்தேன்.
புழு இல்லாத இலைகளையும் பார்த்தேன்.
எவ்வளவோ இருந்தன.

பிறகு அந்த ரெண்டு மணி.
மடை திருப்பப் போனால்
வாய்க்காலில் வரும் தண்ணீர் காலைத் தொடும் முன்
ஒரு சத்தம் வரும்,
காய்ந்த மண் குடிக்கிற சத்தம்.
டார்ச்சை அணைத்துவிட்டு நின்று கேட்பேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

மாசியில் கண்டனூர் அழகுமணி வந்தார்,
பைக் கவரில் டோக்கன் அட்வான்ஸோடு.
போன வருஷம் போன் போட்டு வரச்சொன்னது நான்தான்.
சென்டுக்கு ஒரு விலை சொன்னார். நல்ல விலை.

சரி என்றேன், வடமூலைப் பாலைமரம் நீங்கலாக.
அதுக்கென்ன, எழுதிக்கலாம் என்றார்.
கிணறு நீங்கலாக.
கிணற்றுக்குப் போகிற வரப்பு நீங்கலாக.
வரப்பில் நண்டுவளை இருக்கு,
அதுக்கு ரெண்டு பக்கமும் ஒரு சாண் விட்டு.
செவலை படுத்துப் படுத்துப் பள்ளமான இடம்.
மூணாவது பாத்தி, அங்கேதான் மண் கொஞ்சம் கறுப்பு.
மண்வெட்டிக்குக் காம்பு செருகிக்கொண்டிருந்த சேவுகமூர்த்தி
நிமிரவில்லை.
காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

அப்ப விக்கிறது எதும்மா?

யோசித்தேன், நிஜமாகவே.
மயிலுகளைப் புடிச்சுக்கிட்டுப் போங்க என்றேன்.
அழகுமணி ரெண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டு
பைக்கை உதைத்தார்.

அந்த வருஷக் கடலையில் செலவு போகக் கையில் நின்றது
எட்டாயிரத்துச் சொச்சம்.
திருப்பூரில் ஒரு மாசச் சம்பளத்துக்குக் காணாது.
பெட்டியைப் போன வாரம் பிரித்தேன்.
அடியில் கிடந்த ஸ்டிக்கர் ரோலில் பசை காய்ந்திருந்தது.
தர்ஷினி கேட்டாள், கொடுத்துவிட்டேன்.

குறைக்கு ஒன்றும் பஞ்சமில்லை.
ஸ்டார்ட்டர் மக்கர், மேலவரப்பில் எலி,
மயில் இன்றைக்கும் ஏழு.

ராத்திரி போன் அடிக்கிறது,
மோட்டார் ஓடுகிறது என்கிறாள்
எங்கோ இருக்கிற ஒரு மிஷின் பெண்.
அவர் புரண்டு படுக்கிறார்.
நான் எழுந்துவிட்டேன்,
செருப்பைத் தேடவில்லை.