ஒரே பொய், இரண்டு முறை

இரவு பதினொன்றரைக்குக் கோப்பு இறங்கி முடிந்தது.
நானூற்றுப் பன்னிரண்டு மெகாபைட், நான்கு மணி நேரம்.
இடையில் இரண்டு தடவை கூரையேறி
ஆண்டெனாத் தட்டிலிருந்த பனியைத்
துடைப்பத்தால் தள்ளிவிட்டு வந்தேன்.

மெஸ்தியாவுக்கு மேலே, சரிவைப் பார்த்தபடி நிற்கும்
ராடாருக்கான புது மென்பொருள்.
சாலையில் சிவப்பு விளக்கு எப்போது எரியவேண்டும் என்பதை
அதுதான் முடிவு செய்யும்.
காலை ஏழுக்குப் பள்ளிப் பேருந்து.

ஒரு கோப்பைப் பிழிந்தால்
அறுபத்து நான்கு குறிகள் சொட்டும்.
பத்து எண்கள், ஆறு எழுத்துகள், அவற்றுக்குள்தான் எல்லாம்.
கடுகளவு கோப்போ மலையளவோ
சொட்டுவது அறுபத்து நான்குதான்.
செய்தவர்கள் கோப்பின் பக்கத்தில் எழுதி வைத்த தொகை
ஏழில் தொடங்கியது.
நான் பிழிந்தது சி-யில்.

பனித்தள்ளி ஓட்டும் சோசார்
அடுப்பின் மேல் குப்தாரியைத் திருப்பிப் போட்டபடி சொன்னார்:
"லைன் கெட்டிருக்கும். ஏற்றிவிடு, எலிசோ.
முக்கால்வாசியாவது சரியாக இருக்காதா?"

முக்கால்வாசி சரி என்பது
இந்தக் கணக்கில் கிடையாது.
ஒரே ஒரு பிட் புரண்டால்
அறுபத்து நான்கும் உருண்டு வேறாகிவிடும்.
அந்தக் குணத்துக்குக் கணக்குக்காரர்கள் வைத்திருக்கும் பெயரே
பனிச்சரிவு, என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
அவர் வீட்டில், சாப்பாட்டு மேசையில்
அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை.
மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன்.

மறுபடி இறக்கினேன். மூன்றேகால்.
மறுபடி சி.
சி, நான்கு, நான்கு, ஒன்பது, ஈ...
முதல் தடவை வந்த அதே வரிசை, கடைசிக் குறி வரை.

அப்போதுதான் கை சில்லிட்டது.
பனி தின்ற லைன் பொய் சொல்லும்;
ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு பொய்.
ஒரே பொய்யை இரண்டு முறை சொல்ல
ஒரு மனிதர் வேண்டும்.

யார்? எதற்கு? எங்கள் சாலையையா?
கோப்புக்குள் கை வைத்தவர்
பக்கத்திலிருந்த தொகையை ஏன் விட்டுவைத்தார்?
இல்லை, தொகையைத்தான் மாற்றினாரா?
இரண்டும் ஒரே சர்வரில் உட்கார்ந்திருக்கும்போது
ஒன்றுக்கு இன்னொன்று என்ன சாட்சி?

ஜன்னலுக்கு வெளியே எங்கள் கல் கோபுரங்கள்.
அவற்றுக்குத் தரையில் வாசல் இல்லை.
பகை முற்றிய காலத்தில் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள்.
வந்தவர் கீழே நின்று கூப்பிடவேண்டும்.
முகம் இருட்டில் தெரியாது.
குரல் தெரிந்தால் ஏணி இறங்கும்.

இன்ஸ்ப்ரூக்குக்கு ஃபோன் போட்டேன்.
வைட் தூக்கத்திலிருந்து எழுந்தார்.
பயிற்சிக்கு வந்தபோது எங்கள் உப்பை
பாதிப் பை வாங்கிப்போனவர்; அந்தத் தொண்டை
எனக்குத் தெரியும்.
தன் கணினியில் இருக்கும் மூலத்தைப் பிழிந்து
வாசிக்கச் சொன்னேன்.
அவர் ஒன்று, நான் ஒன்று,
இருவருக்கும் சொந்தமில்லாத ஆங்கிலத்தில்.
சி.
நான்கு.
நான்கு.
ஒன்பது.
நாற்பதாவது குறியில் அவர் தும்மினார்;
முதலிலிருந்து தொடங்கினோம்.

அறுபத்து நான்கும் பொருந்தின.
கோப்பு அவருடையதேதான். தொகைதான் பழையது.

கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"வியாழக்கிழமை," என்றார்.
"ஜார்ஜிய மெனுவில் ஒரு சொல். தோவ்லி.
நடுவில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது.
யாரோ புகார் எழுதியிருந்தார்கள்.
திருத்தினேன், திரும்பக் கட்டினேன்,
தொகையை மாற்ற மறந்துவிட்டேன்."

தோவ்லி என்றால் பனி.
புகார் எழுதியது நான்.
போன ஏப்ரலில். கொஞ்சம் கோபமாகவே.

ஐந்தரைக்கு ஏற்றி முடித்தேன்.
சோசார் கையுறையை மாட்டிக்கொண்டே கேட்டார்:
"ஆக, எதுவும் கெட்டுப்போகவில்லை?"
"இல்லை."
"அப்புறம் இந்த ராத்திரி முழுக்க எதற்கு?"
பதிலுக்கு நிற்கவில்லை.
கீழே வண்டி இருமி, இருமி, பிடித்துக்கொண்டது.
எனக்கான குப்தாரித் துண்டு
தட்டில் ஆறிக்கிடந்தது.

மெனுவைத் திறந்து பார்த்தேன்.
பனி,
முழு எழுத்தோடு.