ஒரே விளக்கு

மாஹிமில் அந்த அரங்கத்தின் கூரைக்குக் கீழே
இரும்புப் பாலத்தில் குந்தியிருப்பவன் நான்.
நிகழ்ச்சிக்கு ஆயிரத்து நானூறு.
கையுறை என் சொந்தச் செலவு.
விளக்கு சுடும்.

இரண்டு ஸ்பாட் இருக்க வேண்டும்.
ஜூலை மழையில் கூரை ஒழுகி ஒன்று செத்துப்போனது.
ஆகவே இன்று
இரண்டு கிட்டார்,
ஒரு வட்டம்.

பாடுகிறவர் மேல் வை என்பார்கள். சுலபம்.
இவர்கள் பாடுவதில்லை.
ஓர்லெம்காரன் டெஸ்மண்ட் கூட்டின்யோ,
காலில் செருப்புகூட இல்லாமல்.
எதிரே, கௌஹாத்தி மிருதுஸ்மிதா சைக்கியா,
வலதுகையில் மட்டும் நகம் வளர்த்தவள்.
மரம், கம்பி,
ஆளுக்கொரு மைக். அவ்வளவுதான் மேடை.

ஹெட்செட்டில் தேஜல்: "அவன் மேல."
போனேன்.
போய்ச் சேர்வதற்குள் அவன்
பேச்சைப் பாதியில் நிறுத்தி
அவளிடம் நீட்டியிருந்தான்.
"அவ மேல."
திரும்பினேன்.
அதை வாங்கி, தலைகீழாக்கி,
ஒரு கேள்வியும் முடிந்து
அவள் திருப்பி அனுப்பியாயிற்று.
சண்டையை விலக்கப் போனவன் மாதிரி
இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

விரார் லோக்கலில்
கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
நின்றபடியே வெந்தயக்கீரை ஆய்கிற பெண்கள் உண்டு.
வாய் மருமகளைப் பேசும்,
கண் வசை ரோடு வந்ததா என்று பார்க்கும்,
விரல் தன்பாட்டுக்கு உருவும், கிள்ளும், எறியும்.
அப்படி அவள் இடதுகை.

அவன் வேறு மாதிரி.
கிட்டாரின் வயிற்றில் உள்ளங்கையால் தட்டினான்,
மணிக்கட்டால் இடித்தான்.
கதவைத் தட்டுகிறவனும் அவனே,
யாரது என்று உள்ளிருந்து கேட்பவனும் அவனே.

முன்வரிசையில் ஒரு வழுக்கைத் தலை
தொடையில் தாளம் போட்டுப் பார்த்து
மூன்று தரம் தப்பவிட்டு
கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டது.

ஏழாவது உருப்படியில்
இருவரும் மூச்சுவிட மறந்த வேகத்தில்
சோடா மூடி தெறித்தது போல் ஒரு சத்தம்.
அவளுடைய முதல் கம்பி.
கன்னத்தில் மெல்லிசாகச் சிவப்புக் கோடு.

"அவன் மேல போ! அவள இருட்டுல விடு!"
அதுதான் முறை.
உடைந்ததைக் காட்டக் கூடாது.

நான் போகவில்லை.

பையிலிருந்து சுருள் எடுத்தாள்.
பல்லால் உறையைக் கிழித்தாள்.
துளையில் கோர்த்து முறுக்காணியைத் திருகத் திருக
இருட்டில் அவன்
ஒற்றைத் தடிக்கம்பியில் பாட்டைப் பிடித்துவைத்திருந்தான்,
பொங்கவிடாமல் சிம்மில் வைத்த பால்.

பிறகுதான் அது நடந்தது.
புதுக்கம்பியைச் சுண்டிப் பார்த்தாள்,
சுருதிக்கு எவ்வளவோ கீழே.
அதற்குப் பொருத்தமாய் அவன் ஒன்று வாசித்தான்.
அபஸ்வரம் இல்லை என்றாகிவிட்டது.
இன்னொரு திருகு, இன்னொரு சுண்டல்.
அதற்கும் ஒன்று.
கோணலாய் விழுந்த ஒவ்வொன்றின் அடியிலும்
அவசரமாய்ப் பாய் விரித்தான்.
அவள் சிரித்துவிட்டாள்.
வேண்டுமென்றே ஒரு திருகு அதிகம் வைத்தாள்.
அங்கேயும் வந்து நின்றான், படுபாவி.

கம்பி தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்த நொடியில்
இருவரும் ஒன்றாகக் குதித்தார்கள்.

அரங்கம் எழுந்தது எனக்குத் தெரியாது.
கை தட்டிக்கொண்டிருந்தேன்,
கையுறையோடு, மொத்து மொத்தென்று.
பிடி விட்ட விளக்கு
தன் கனத்தில் மெல்லக் குனிந்து
இருவருக்கும் நடுவே
தரையில் கிடந்த அறுந்த கம்பியின் மேல் நின்றது.
புழுவைப் போல் சுருண்டு மினுங்கியது அது.
ஹெட்செட்டில் தேஜல் என் அப்பா பெயரைச் சொல்லித் திட்டினாள்.
இருட்டில் அவர்கள் வாசித்தபடி இருந்தார்கள்.
வெளிச்சம் எங்கே என்று இருவரும் தேடவே இல்லை.

சம்பளத்தில் இருநூறு பிடித்தார்கள்.
வெளியே வரும்போது வாசல் போஸ்டரில் பார்த்தேன்,
டிக்கெட் எண்ணூறு.