அட்டை

மூன்று சொட்டு. நேற்றும் மூன்று.
குத்தாயிசியின் ஈரக் குளிரில்
ஓப்பலுக்கு அடியில் விரித்துவைத்த
பிஸ்கட் பெட்டி அட்டையில், கறுப்பாக.

"பின்பக்க சீல்தான். கியர்பாக்ஸை இறக்கணும்.
அந்தச் செலவுக்கு வண்டியையே தள்ளிவிடலாம்"
என்றான் நுக்ஸார், குனியாமலே,
தன் வண்டியின் கண்ணாடியைத் துடைத்தபடி.

சொட்டுகிற இடத்தில் கசிவதில்லை எண்ணெய்.
ஓட்டத்தில் காற்று அதைப் பின்னே தள்ளும்,
கண்ட விளிம்பையெல்லாம் பிடித்துப் பிடித்து இறங்கும்,
கடைசியாகத் தொட்டவன் மேல் பழி.

மண்ணெண்ணெயும் தேய்ந்த பல்துலக்கியுமாக
இருபத்தேழு வருட அழுக்கைச் சுரண்டினேன்.
உள்ளே எஞ்சின் வெள்ளி நிறம். எனக்கே தெரியாது.
மகள் தேக்லேயின் கால் பவுடரை
எங்கும் ஊதிவிட்டு
ரியோனிப் பாலம்வரை போய்வந்தேன்.

டார்ச்சைப் பல்லில் கவ்விக்கொண்டு
ஈரத்தின் பின்னால் மேலே, இன்னும் மேலே.
சம்ப் இல்லை.
சீல் காய்ந்தே கிடந்தது, பாவம்.
ஃபில்டரும் இல்லை.
வால்வு மூடியின் பின்மூலையிலிருந்து
மாவில் யாரோ விரலை இழுத்த மாதிரி
ஒற்றைக் கோடு.

புது கேஸ்கெட் பதினெட்டு லரி.
பழையது கையில் அப்பளமாய் நொறுங்கியது.

காலையில் அட்டை சுத்தம்.
நம்பாமல் விரலால் தடவியும் பார்த்தேன்.
ஆனாலும் முற்றத்துக் கல்லில்
புதிதாய் ஒரு மினுக்கல்,
மூன்றடி தள்ளி.

ஒன்றும் சொல்லவில்லை.
அட்டையைக் காலால் நகர்த்தி
நுக்ஸாரின் வண்டிக்கடியில் விட்டேன்.